பூண்டுப்பால் எல்லா வயிற்றுக்கும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாக உங்கள் நாளிதழை வாங்குகிறோம். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன ஞாயிறு இணைப்பிதழில் வயிற்றுக் கோளாறுகளைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. அரிசியைக் குறைத்துக் கோதுமைக்கு மாறுங்கள், காலையில் முளைகட்டிய பயறு, தினம் ஒரு ஆப்பிள், நார்ச்சத்துக்குக் கோதுமைத் தவிடு, ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பூண்டுப்பால். அஜீரணம், மலச்சிக்கல், வாயு, ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்கிற குடல் கோளாறு எல்லாவற்றுக்கும் இதே ஐந்து. முதல் மூன்று நோய்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. நான்காவது நோய் என்னுடையது. அந்த ஐந்தையும் ஒன்று விடாமல் செய்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 49. வேளச்சேரியில் வீடு. பாரிமுனைப் பக்கம் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் வர நான்கு நாள் ஆயிற்று. சம்ப்பில் என்னென்ன கலந்ததோ தெரியாது. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சினோம், ஆனால் பாத்திரம் கழுவியது அந்தத் தண்ணீரில்தானே. வெள்ளம் வடிந்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கணவரும் பையனும் ஐந்தாம் நாள் எழுந்துவிட்டார்கள், மாமியார்கூட ஒரு வாரத்தில் தேறிவிட்டார். எனக்கும் காய்ச்சல் போயிற்று. வயிறு மட்டும் பழைய வயிறாகவில்லை.

பொங்கல் போய் மாசி வந்தும் அதே கதை. காலையில் மூன்று தடவை. போய்விட்டு வந்தால் வலி அடங்கும், அரை மணியில் மறுபடி முறுக்கும். மதியம் சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்ளும். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார முடியும். இதில் தினமும் பறக்கும் ரயில் பயணம் வேறு. அந்த ரயில்களில் கழிப்பறை கிடையாது. அப்போது நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரை வரை போகும் பகுதியை மூடியிருந்தார்கள். ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ். எந்த ஸ்டேஷனில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் பூட்டு தொங்கும், எந்த ஓட்டலில் ஒரு காபி வாங்கினால் உள்ளே விடுவார்கள் என்று எனக்கு ஒரு வரைபடமே மனப்பாடம். இந்த நோய்க்காரர்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பூண்டுப்பாலுக்கு வருகிறேன். என் மாமியாருக்குக் கைப்பக்குவம் உண்டு. பத்துப் பல் பூண்டை உரித்து, பாலும் தண்ணீரும் சரிபாதி சேர்த்து, சின்னத் தீயில் பல் நசுங்கும் வரை வேகவிடுவார். மஞ்சள்தூள், மிளகுத்தூள், பனங்கற்கண்டு. அப்புறம் சின்ன மத்தால் கடைந்து, நுரையோடு டம்ளரில் ஊற்றி, "மூச்சைப் பிடித்துக்கொண்டு குடி" என்று பக்கத்திலேயே நிற்பார். பதினோரு ராத்திரி குடித்தேன். பதினோரு காலையும் ரயிலைத் தவறவிட்டேன். அவர் வருத்தத்தோடு பூண்டைப் பதினைந்து பல்லாக்கினார். கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்திதான். காலையில் முளைகட்டிய பயறு. ஆரோக்கியமாகச் சாப்பிடச் சாப்பிட வயிறு மோசமாகிறதே என்று குழம்பிப் போனேன். அந்தச் சமயத்தில்தான் 48 நாளில் குடலைச் சுத்தம் செய்து தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் பொடி வாங்கினேன். குடல் சுத்தமாகத்தான் ஆயிற்று, தினம் ஏழு தடவை.

ஜூன் மாதம் ஓர் அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவில்தான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. ஐ.பி.எஸ். என்றார் டாக்டர். வீட்டில் சொன்னதும் பையன், "எந்த மாவட்டத்துக்கு எஸ்.பி.யாகப் போடுகிறார்கள்?" என்றான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது. நீங்கள் 'எரிச்சல் குடல் நோய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. எரிச்சல் என்று கேட்டதும் நம் ஊரில் நெஞ்செரிச்சல் ஞாபகம் வந்து, அல்சர் மருந்து குடி, மோர் குடி என்பார்கள். வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை. எனக்கு எதுவும் எரியவில்லை. குடல் தொட்டாற்சிணுங்கியாகிவிட்டது, அவ்வளவுதான். தொட்டாற்சிணுங்கிக் குடல் என்றே பெயர் வைத்திருக்கலாம்.

பெயர் சொல்வதற்கு முன் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ரத்தம், தைராய்டு, மலம், கோதுமையிலுள்ள குளூட்டன் ஆகாத செலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. 45 தாண்டிய பிறகு புதிதாக ஆரம்பித்ததால் கொலனோஸ்கோப்பியும். குடல் காசநோய் இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை. "எல்லாம் நார்மல்" என்றதும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. அதற்கு முன் ஒரு கிளினிக்கில் இதே 'நார்மல்' என்ற சொல்லைச் சொல்லி, "எல்லாம் மனசுதான், கோயிலுக்குப் போய்விட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார்கள். இந்த டாக்டர் அப்படி விடவில்லை. கேமராவுக்குத் தெரியாத கோளாறு இது, குடல் அசைகிற விதமும் அதன் நரம்புகள் வலியை உணர்கிற அளவும் மாறியிருக்கின்றன, கிருமித் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படித் தங்கிவிடும், புற்றுநோயாக மாறாது என்றார். மூளையும் குடலும் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும், செரட்டோனின் என்கிற வேதிப்பொருளில் பெரும்பங்கு இருப்பது தலையில் இல்லை, குடலில்தான் என்றும் சொன்னார். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் எப்போதிலிருந்து சொல்கிறோம்! அதையே யாராவது முன்பே இப்படி விளக்கியிருந்தால் கோயிலுக்கும் நிம்மதியாகப் போயிருப்பேன்.

வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், பெயர் வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். கூடவே ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்.

எழுதுவது என் தொழில். பழைய பேரேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். நேரம், சாப்பாடு, எத்தனை டீ, தூக்கம், மாதவிலக்கு, வலிக்குப் பத்துக்கு எத்தனை, மலத்தின் பதம். பதத்துக்கு ஒரு எண் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் வகுத்த அட்டவணை, 1 என்றால் புழுக்கை, 7 என்றால் வெறும் தண்ணீர். அலுவலக மேஜையில் யார் பார்த்தாலும் ஏதோ ஸ்டாக் கணக்கு என்றுதான் நினைப்பார்கள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

செப்டம்பரில் அதே மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கொண்டுபோனேன். என் பையனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பென்சிலால் சில தேதிகளைச் சுழித்துவிட்டு, "இந்த நாட்களில் மட்டும் எப்படி ஆன்ட்டி இவ்வளவு நன்றாக இருக்கிறது?" என்றாள். ஜூலை 5, ஆகஸ்ட் 4, செப்டம்பர் 2. எனக்குப் பொறி தட்ட ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்றும் அமாவாசை. நடுவில் இருப்பது ஆடி அமாவாசை. எங்கள் வீட்டில் அன்றைக்கு வெங்காயம், பூண்டு அடுப்படிக்கே வராது. சோறு, வாழைக்காய் பொரியல், மிளகு ரசம். ராத்திரி சப்பாத்தி கிடையாது, மாமியாருக்குப் பலகாரமாக இட்லிதான். வடை, பாயசம் இருந்தும் அன்றைக்கு என் வயிறு வாயைத் திறக்கவில்லை. முன்னோர் ஆசி என்று நினைத்திருந்தேன். அதுவும் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூண்டு இல்லாததும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறை ஒன்று இருக்கிறது, ஃபாட்மேப் குறைந்த உணவு என்று பெயர். சில வகைச் சர்க்கரைகளும் குட்டைச் சங்கிலி மாவுப்பொருள்களும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு இறங்கிவிடும். தண்ணீரை இழுக்கும். அங்குள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். மே மாதத்து இட்லி மாவு குண்டானைத் தாண்டி வழிவது போலத்தான். இது எல்லோர் வயிற்றிலும் நடக்கிறது. தொட்டாற்சிணுங்கிக் குடல் மட்டும் அதைத் தாங்காமல் கூப்பாடு போடுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், கொண்டைக்கடலை, ராஜ்மா, ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி, காலிஃப்ளவர் எல்லாம் அந்தப் பக்கம். உங்கள் ஐந்து குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள் ஐயா. கோதுமை, ஆப்பிள், பூண்டு, பால். தவிட்டில் கரையாத நார் அதிகம், அது பலருக்கு வலியைக் கூட்டும். எதைத் தின்றால் எனக்கு ஆகாது என்று யாரோ கேட்டு எழுதியது போல் இருந்தது. நீங்கள் குறைக்கச் சொன்ன அரிசிதான் எனக்கு உயிர் கொடுத்தது. சோற்றைத் திட்டுவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சர்க்கரைக்காரருக்குச் சரி, என் குடலுக்கு அதைப் போல சாது வேறில்லை.

நான்கு வாரம் இவற்றை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? புரட்டாசி முதல் தேதியில் ஆரம்பித்தேன். பெருமாள் மாதம், வெங்காயம் பூண்டும் விட்டுவிடுகிறேன் என்றேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமியாருக்கு என் மேல் புது மரியாதை வேறு.

சமையலில் நான் கற்ற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூண்டில் ஆகாத அந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுவிட்டு, தட்டில் ஒதுக்கிவைத்தால் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே ரசத்தில் இறங்கியாகிவிட்டது. அதற்குப் பதில், நல்லெண்ணெயைக் காயவைத்து நாலு பல் பூண்டை முழுசாகப் போட்டு, ஓரம் சிவக்கும்போது கரண்டியால் அரித்தெடுத்துப் பையன் தட்டில் போட்டுவிடுகிறேன். அந்த எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை. வீடு முழுக்கப் பூண்டு வாசனை, எனக்கு வலி இல்லை. அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செலவழித்துவிட வேண்டும், பாட்டிலில் ஊற்றிச் சேர்த்து வைக்கக் கூடாது, அதில் விஷக்கிருமி வளர இடமுண்டு. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால் கோதுமை மாவு சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தது. பதறிப்போய்த் தூக்கி எறிந்தேன். "ஒரு சிட்டிகையில் எவ்வளவு மாவு இருக்கப்போகிறது ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சிரித்தாள். மறுநாள் புது டப்பா வாங்கினேன்.

இரண்டாம் வாரமே கொசுவத்தைத் தளர்த்தாமல் உட்கார்ந்தேன். ஆனால் இதையே காலம் முழுக்கச் செய்யக் கூடாது. பருப்பு, பால், பழம் எல்லாவற்றையும் விட்டால் உடம்பு என்னாவது? ஐப்பசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு பொருள், மூன்று நாள். முதல் நாள் கொஞ்சம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. அப்புறம் இரண்டு நாள் ஓய்வு. என் கணக்கு இப்படி நின்றது: துவரம்பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இரண்டு கரண்டி சாம்பார் ஒத்துக்கொள்ளும். ஒரு சப்பாத்தி சரி, மூன்று கூடாது. காபிக்கான பால் சரி, டம்ளர் நிறையப் பால் கூடாது. தயிர் தகராறு செய்வதில்லை. மே மாதம் பங்கனப்பள்ளியில் இரண்டு கீற்று. பூண்டு மட்டும் ஒரு பல் கூட இல்லை. இவை ஒவ்வொன்றும் தனியாக வந்தால் இடிக்காது. ஒரே நாளில் சப்பாத்தி, சாம்பார், மாம்பழம் மூன்றும் சேர்ந்தால் பற்றாக்குறை பட்ஜெட்தான்.

எங்கள் கடையில் டெலிவரி பார்க்கிறவர் ஒருவருக்கும் இதே நோய். அவருக்கு மலச்சிக்கல் வகை. பூண்டு அவரை ஒன்றும் செய்வதில்லை. ஒரு வாய்ப் பால் பட்டால் போச்சு. இசப்கோல் உமி ஒரு ஸ்பூன், நிறையத் தண்ணீரோடு, அதில்தான் அவர் வண்டி ஓடுகிறது. கரையும் நார் என்பதால் எனக்கும் அது நல்லது செய்தது, தவிட்டைப் போல இல்லை. என் பட்டியலை அவர் வாங்கிப் பின்பற்றியிருந்தால் பூண்டையும் இழந்திருப்பார், பாலும் குடித்திருப்பார். எல்லோருக்கும் ஒரே பட்டியல் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நோட்டில் இன்னொரு சுழிப்பும் இருந்தது. மாதாமாதம் 18, 19, 20. அந்த மூன்று நாளும் என்ன சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும் 6ஆம் எண், 7ஆம் எண். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டும். பில் வராத பார்ட்டிக்கெல்லாம் போன் அடித்து, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தின்று, ஏழெட்டு டீ குடித்து, ராத்திரி பதினொன்றுக்கு வீடு வந்து. இதற்கு மாத்திரை இல்லை. முதலாளியிடம் வயிற்றைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பதிலாகக் கொள்முதல் பில்களை 12ஆம் தேதியே மூடிவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். அவர் நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். டீ, காபி சேர்த்து நாளுக்கு மூன்று கப்புக்கு மேல் வேண்டாம், வேளை தவற வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டிக் குறிப்பிலேயே 2008இல் எழுதியிருக்கிறார்களாம். மூன்றாக்கிவிட்டேன். மூன்றாவதை விடுவதாக இல்லை.

காலை நேரத்தையும் மாற்றினேன். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பது இயற்கை, காலையில் அது கூடுதல். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காபியும் இட்லியும் விழுங்கிவிட்டு ஐந்தாவது நிமிடம் ஸ்டேஷன் படிக்கட்டு. குடல் வேலையை ஆரம்பிக்கும்போது நான் தரமணி தாண்டிக்கொண்டிருப்பேன். இப்போது ஐந்து மணிக்கு எழுந்து, ஆறரைக்குச் சாப்பிட்டு முடித்து, ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருக்கிறேன். பேப்பர் படிக்கிறேன். மாலையில் மொட்டை மாடியில் அரை மணி நடை. ரயிலில் வயிறு கலக்க ஆரம்பித்தால் வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சு இழுத்து விடுகிறேன். பாதி நேரம் அடங்குகிறது, மீதி நேரம் வரைபடம் இருக்கிறது.

ஓட்டல்தான் இன்னும் சிக்கல். வெங்காயம் பூண்டு போடாத சட்னி இருக்கிறதா என்று கேட்டால் சர்வர், "விரதமா மேடம்?" என்கிறார். முதலில் இல்லை, வயிற்றுக்கு ஆகாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் உள்ளே போய்க் கேட்காமலேயே "இல்லை" என்பார்கள். இப்போது "ஆமாம், விரதம்" என்று சொல்லிவிடுகிறேன். தனியாகத் தேங்காய்ச் சட்னி வந்துவிடுகிறது.

அடுத்த இணைப்பிதழில் உங்களால் முடிந்தால் இரண்டு விஷயம் போடுங்கள். ஒன்று, அந்த ஐந்து குறிப்பிலிருந்து ஐ.பி.எஸ். என்ற பெயரை எடுத்துவிட்டதாக ஒரு திருத்தம். இரண்டு, கட்டம் கட்டி: மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியோ வயிற்றுப்போக்கோ, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், 45 வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்தது. இதில் எது இருந்தாலும் பட்டியல், பொடி எதுவும் வேண்டாம், நேராக டாக்டரிடம். கோதுமையை நிறுத்த நினைப்பவர்கள் அதற்கு முன்பே செலியாக் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அதே கட்டத்தில் சேருங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே குடல் சுத்திகரிப்பு விளம்பரம் ஒன்று இருந்தது. என்னிடம் பொடி விற்றவர்கள் இல்லை, வேறு ஆட்கள். விளம்பரம் உங்களுக்குப் பிழைப்பு, புரிகிறது. பக்கத்தையாவது மாற்றுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் கடையில் முதலாளி முதல் டெலிவரிப் பையன்கள் வரை எல்லோரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்கள். வீட்டில் மாமியார் வாசகர் கடிதத்தைத்தான் முதலில் திருப்புவார். பூண்டுப்பால் என்று வந்ததுமே எழுதியது யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். புரட்டாசி விஷயமும் சேர்ந்தே தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை